பாதி கிடையாது

கிழக்கேகோட்டை, திருவனந்தபுரம்
1946 ஜூலை 7

ரோஸுக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாம் சுகம், என் இடது புருவம் ஒன்றைத் தவிர. சாலைக் கடைத்தெருவில் ஒரு பப்படக் கடை பற்றிக்கொண்டது. அணைத்துவிட்டோம். புருவம் முளைத்துவிடும் என்று கம்பவுண்டர் சொல்கிறார். ஜெயபாயிடம் சொல்லாதே, சிரிப்பாள்.

இப்போது சங்கதியைக் கேள். நகரசபை இறங்கி வந்துவிட்டது! எங்கள் மனுவை ஒரு வருஷமாக அடைகாத்துக்கொண்டிருந்த அதே கோட்டைப்புறம் சபை, சம்பளத் தகராறை மத்தியஸ்தத்துக்கு விட ஒப்புக்கொண்டது. போன தடவை மாதிரி சபைத் தலைவரின் சம்பந்தியைக் கொண்டுவந்து உட்கார வைக்கவில்லை. இரண்டு தரப்பும் சேர்ந்து ஆளைத் தேர்ந்திருக்கிறோம். வலியசாலை நீலகண்ட ஐயர், ஓய்வுபெற்ற ஜட்ஜி. முன்கோபி, ஆனால் கைசுத்தம்.

தீயணைக்கிறவன் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது. நாங்கள் நிறுத்தினால் தீ நிறுத்துமா? எங்களுக்கு இருக்கிற ஒரே வாசல் இந்த மத்தியஸ்தம்தான். அதில் சம்பள உயர்வு கேட்கிறோம். ராத்திரி ஸ்டேஷனில் மணி எப்போது அடிக்கும் என்று காத்துக் கிடக்கும் நேரத்துக்குச் சபை அரைச் சம்பளம் தருகிறதே, அதை முழுச் சம்பளமாக்கு என்கிறோம். அப்புறம் கல்யாணமானவர்களுக்கு ஸ்டேஷனை அடுத்துக் குடும்ப வீடு. கடைசியில் சொன்னதை யார் முகத்தை நினைத்துக்கொண்டு எழுதினேன் என்று சொல்ல வேண்டுமா?

உயர்வை மட்டும் வேண்டியதைப் போல இரண்டு பங்காகக் கேட்டிருக்கிறோம். மத்தியஸ்தர் எப்படியும் பாதியாக வெட்டுவார், நமக்கு வேண்டியது சரியாக வந்து சேரும். சங்கச் செயலாளரின் மூளை எப்படி?

தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷ ஒப்பந்தம் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். ஆகஸ்டு முடிகிறவரை கையெழுத்துப் போடாதே. வீடு கிடைத்தால் நீயும் குழந்தையும் இறங்கி வந்துவிடலாம். உன் அப்பா கொப்பரை வியாபாரத்துக்கு அழைத்து நான் மாட்டேன் என்றதில் உனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை என்று தெரியும். அதை மலையிலேயே விட்டுவிட்டு வா.

உன்
சத்தியநேசன்


போனக்காடு
ஜூலை 14

ஜெயபாயின் அப்பாவுக்கு,

அஞ்சல் வந்ததும் புருவத்தைத்தான் முதலில் ஜெயபாயிடம் சொன்னேன். சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பாவுக்கு நொந்திருக்குமா?" என்று கேட்டு அழுதாள். இரண்டையும் எழுதிவிட்டேன், உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் கோபித்துக்கொண்டு வந்தேனாம்! அத்தனை ஆண்கள் வரிசையாகப் படுக்கிற ஸ்டேஷன் கூடத்தில் நானும் குழந்தையும் எந்த மூலையில் பாய் விரித்திருக்க வேண்டும்? வெளியே ஓர் அறை எடுக்க உங்கள் சம்பளம் எட்டவில்லை. அப்பா பாறசாலைக்குக் கூப்பிட்டார், உங்களுக்குத் தீயணைப்பு எஞ்சினை விட்டு வர மனசில்லை. எனக்கு இந்த மலையில் வேலை கிடைத்தது, வந்தேன். இதில் கோபம் எங்கே இருக்கிறது? இருக்கிறதுதான். ஆனால் நீங்கள் சொல்லும் இடத்தில் இல்லை.

உங்கள் மூளையைப் பற்றிக் கேட்டீர்கள். இங்கே இரண்டாம் வகுப்பில் ராகேல், பொன்னம்மை என்று இரண்டு குட்டிகள். ராகேல் வீட்டுப் பலாமரத்துச் சக்கைச் சுளை கொண்டுவந்தாள். பொன்னம்மை, "முழுசும் எனக்கு" என்று மல்லுக்கு நின்றாள். மணி ஆகிவிட்டதே என்று நான் பாதியாகப் பிரித்துக் கொடுத்தேன். மறுநாள் பொன்னம்மை ராகேலின் குடையையும் தனது என்றாள். அதற்கு மறுநாள் சிலேட்டுக் குச்சியை. முழுசும் கேட்டால் பாதி நிச்சயம் என்று அந்தக் குட்டிக்குப் புரிந்துபோயிற்று. நியாயம் செய்கிறேன் என்று நினைத்து நான் பேராசையைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

பிறகு சட்டத்தை மாற்றினேன். இரண்டு பேரும் தனித்தனியாக என் காதில் வந்து ஒரே ஒரு கணக்குச் சொல்ல வேண்டும். எது நியாயத்துக்குப் பக்கமாக இருக்கிறதோ அது அப்படியே நடக்கும். நான் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன், பாதி கிடையாது. பொன்னம்மை நெடுநேரம் யோசித்துவிட்டு வந்து, "ஒரு சுளை மதி, டீச்சர்" என்றாள். ஒன்றே போதுமாம். அந்தக் குரலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்!

உங்கள் ஜட்ஜியும் அப்படிச் செய்தால் என்ன? நீங்கள் இரண்டு பங்கு கேட்பீர்கள், சபை ஒன்றுமில்லை என்று சொல்லும், அவர் நடுவில் வெட்டுவார். இதற்கு ஜட்ஜி எதற்கு? ஒரு அரிவாள்மணை போதும்.

ரோஸ்


கிழக்கேகோட்டை
ஜூலை 25

ரோஸ், என் ரோஸ்,

நடந்துவிட்டது! உன் சக்கைச் சுளை ஜட்ஜி வரைக்கும் போய்விட்டது!

முதலில் நம் ஆட்களிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். பகவதி அண்ணாச்சியைத் தெரியுமே, குழாய் பிடிப்பதில் எங்களுக்கெல்லாம் மூத்தவர். "எலே நேசா, ஒனக்கு கோட்டி பிடிச்சாச்சா? கூட்டிக் கேட்டாலே தரமாட்டாம்பானுவ, கொறச்சுக் கேட்டா தருவானுவளா?" என்றார். சின்னப் பையன் யோசுவாதான் மெதுவாகச் சொன்னான்: "அண்ணாச்சி, கொறச்சுக் கேக்கதுக்கில்ல. பொய் சொல்லாமக் கேக்கதுக்கு." அதன்பின் எல்லோரும் சம்மதித்தார்கள்.

வலியசாலைக்கு நானே போனேன். ஐயர் ஊஞ்சலில் இருந்தார். நான் சொல்லி முடிக்கிறதற்குள் எழுந்துவிட்டார். "நாப்பது வருஷம் நானும் பாதி பாதியா வெட்டிண்டே இருந்திருக்கேன் ஓய்! இது யார் சொன்ன யோஜனை?" என்று கேட்டார். போனக்காட்டு டீச்சர் என்றேன். என் பெண்டாட்டி என்று சொல்ல வெட்கமாக இருந்தது, அதையும் சொன்னேன்.

சபைக் காரியதரிசி ராஜமணியைக் கூப்பிட்டுக் கேட்டார். ராஜமணி உடனே சம்மதித்துவிட்டார், அதுவும் ஒரு சிரிப்போடு. அந்தச் சிரிப்பு எனக்குப் புரிந்தது. தீயணைக்கிற பயல்களுக்குக் கேட்பதைக் குறைக்கத் தெரியாது, ஆகாசத்துக்கும் பூமிக்கும் கேட்பார்கள், சபையின் காகிதம் ஜெயிக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். ஆக முறை ஏற்பாடாகிவிட்டது. இரண்டு தரப்பும் ஆளுக்கு ஒரு காகிதத்தை உறையில் ஒட்டிக் கொடுக்க வேண்டும். கொடுத்தபின் மாற்ற முடியாது. ஜட்ஜி ஒன்றை முழுசாக எடுப்பார், மற்றதை முழுசாகத் தள்ளுவார்.

ஆனால் ரோஸ், இப்போது நாங்கள் ஒவ்வொரு வரியையும் நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. உயர்வைப் பாதிக்குக் கொண்டுவந்தோம், நிஜமாக வேண்டிய அளவுக்கு. காத்திருக்கும் நேரத்துக்கு முழுச் சம்பளம் என்பதை யாரும் விடுவதாக இல்லை. இனி எந்தத் தகராறு வந்தாலும் இதே முறை என்று ஒரு வரி சேர்த்தோம். அடுத்து வந்தது குடும்ப வீடு. அதற்கு நிலம் வேண்டும், கட்டடம் வேண்டும். அந்த ஒரு வரி கனத்தால் மொத்தக் காகிதமும்

மணி அடிக்கிறது.

திரும்பி வந்து எழுதுகிறேன். ஒரு கொப்பரைக் கிட்டங்கி பற்றிக்கொண்டது. எண்ணெய்த் தீ, தண்ணீர் பட்டதும் சீறியது. யோசுவா பக்கத்துக் கூரைமேல் நின்று வைக்கோலை வெட்டித் தள்ளினான், பார்த்த கண் பூத்துப்போகும்! பக்கத்துச் சந்தில் ஒரு குடிசைக்கும் சேதமில்லை. எனக்கு உள்ளங்கையில் கொஞ்சம் கொப்புளம்.

விட்ட இடத்துக்கு வருகிறேன். அந்த வரி இருந்தால் மொத்தக் காகிதமும் கவிழும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. கல்யாணமானவர்கள் சிலர்தான், அவர்களில் நானும் ஒருவன். எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் பேனாவை எடுத்து அடித்தேன்.

நாளை உறையைக் கொடுக்கிறோம். எழுது, ரோஸ். திட்டியாவது எழுது.

நேசன்


போனக்காடு
ஆகஸ்டு 2

ஜெயபாயின் அப்பாவுக்கு,

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டேன்.

எனக்கென்று அந்தக் காகிதத்தில் இருந்தது ஒரு வரி. அதை வெட்டக் கத்தி தீட்டிக் கொடுத்தவளும் நான்தான். நீங்கள் செய்தது சரியென்று எனக்குத் தெரியும். சரியென்று தெரிந்த பிறகும் மனசு ஆறவில்லை. இதற்கு மேல் எழுதினால் கெட்ட வார்த்தை வந்துவிடும்.

உள்ளங்கையில் தேங்காய் எண்ணெயைத் தடவி வீட்டு வைத்தியம் பார்க்காதீர்கள். கம்பவுண்டரிடம் போங்கள்.

ரோஸ்


கிழக்கேகோட்டை
ஆகஸ்டு 11

ரோஸ்,

உட்கார்ந்துகொண்டு படி. நின்றுகொண்டு படிக்கக் கூடிய சங்கதி இல்லை.

நேற்று ஜட்ஜி இரண்டு உறைகளையும் பிரித்தார். முதலில் எங்களுடையதை வாசித்தார். ராஜமணியின் சிரிப்பு அப்படியே இறங்கியது. எங்களுக்குக் குறைக்கத் தெரியாது என்று நினைத்திருந்தாரே! அடுத்துச் சபையின் காகிதம். கொஞ்சம் உயர்வு தருகிறார்கள், எங்கள் எண்ணுக்கு ஒரு படி கீழே. காத்திருக்கும் நேரத்துக்கு அதே அரைச் சம்பளம். அதன் கீழே, கேள், "கல்யாணமான பணியாளர்களுக்கு ஸ்டேஷன் மதிலை ஒட்டிக் குடும்ப வீடுகள், ஆறு மாதத்துக்குள்."

ரோஸ், சபை வீடு கொடுக்கிறது! நாங்கள் அடித்துப் போட்டதை அவர்கள் எழுதியிருக்கிறார்கள்! பழைய முறையாக இருந்தால் சபை 'ஒன்றுமில்லை' என்று ஒரே வார்த்தை எழுதியிருக்கும். கடைசி நேரத்தில் ராஜமணிக்கும் பயம் வந்திருக்கிறது, தன் காகிதம் நியாயமாகத் தெரிய வேண்டுமே என்று. பின்னால் கிடக்கிற காலி மனை சபைக்குச் சொந்தமாம், எங்களுக்கு அது தெரியவே தெரியாது. உன் உபாயம் இரண்டு பக்கமும் கடித்துவிட்டது.

இப்போது பார். எங்கள் காகிதம் ஜெயித்தால் எல்லோருக்கும் சம்பளம், உனக்கு வீடில்லை. சபை ஜெயித்தால் உனக்கு வீடு, யோசுவா போன்றவர்கள் ராத்திரி முழுவதும் அரைச் சம்பளத்தில் கிடப்பார்கள். பதினேழாம் தேதி வாதம். வாதாட வேண்டியது நான். நீ குடியிருக்கப் போகிற வீட்டை நானே நின்று இடிக்க வேண்டும்.

மறைக்காமல் சொல்கிறேன். கொஞ்சம் தொண்டை கட்டியது மாதிரி பேசிவிட்டால் போதும், சபை ஜெயித்துவிடும். யாருக்கும் தெரியாது. நேற்றிலிருந்து இதுதான் தலைக்குள் ஓடுகிறது. உன் ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கிறேன். அஞ்சலை நம்பாதே, கீழே வருகிற ஆள் யாரிடமாவது கொடுத்துவிடு.

நேசன்


போனக்காடு
ஆகஸ்டு 14
(தேயிலை லாரி டிரைவர் கையில்)

என் நேசனுக்கு,

உட்கார்ந்துதான் படித்தேன். படித்துவிட்டு எழுந்து, பள்ளிக்கூடத்தைச் சுற்றி நடந்தேன். அந்த வீடு எனக்கு வேண்டும். எவ்வளவு வேண்டும் என்று சொன்னால் சிரிப்பீர்கள், அடுப்பு எந்தப் பக்கம், ஜெயபாயின் பாய் எந்தப் பக்கம் என்று வைத்துப் பார்த்துவிட்டேன். அழுதும் முடித்துவிட்டேன். இப்போது சொல்வதைக் கேளுங்கள்.

தொண்டை கட்டியது மாதிரி பேசுவீர்களோ? பேசிப் பாருங்கள்! அப்படிக் கிடைக்கிற வீட்டில் நான் கால் வைக்கமாட்டேன். யோசுவாவின் ராத்திரிச் சம்பளத்தில் கட்டின சுவரில் என் பிள்ளை சாய்ந்துகொண்டு படிக்க வேண்டாம்.

காத்திருப்பது வேலை இல்லை என்று ராஜமணி சொல்வார். ஜட்ஜியிடம் ஜெயபாயின் ஞானஸ்நானத்தைச் சொல்லுங்கள். அன்றைக்கு உங்களுக்கு விடுப்பு. ஆனாலும் காது மணியிலேயே இருந்தது. போதகர் தண்ணீரைக் கையில் எடுத்தார், கோட்டைப் பக்கம் மணி கேட்டது, குழந்தையை என் கையில் திணித்துவிட்டு ஜன்னல் வழியாகக் குதித்து ஓடினீர்கள். போதகர் பெயரை மறந்து என்னிடம் மறுபடி கேட்டார். ஆலயம் மொத்தமும் சிரித்தது, நான் மட்டும் சிரிக்கவில்லை. உங்களோடு இருந்த வருஷங்களில் நீங்கள் ஒரு சாப்பாட்டையும் காதைத் தீட்டாமல் சாப்பிட்டதில்லை. அது வேலை இல்லையென்றால் வேறென்ன?

நன்றாக வாதாடுங்கள். உங்கள் குரல் இங்கே மலைவரை கேட்க வேண்டும்.

ரோஸ்


கிழக்கேகோட்டை
ஆகஸ்டு 22

ரோஸ்,

ஜெயித்தோம்!

அதை முதலில் எழுதிவிட்டேன், இனி நடந்ததை எழுதுகிறேன். ராஜமணி எழுந்து, "உறங்குகிறவனுக்கு எதற்கு முழுச் சம்பளம்? இவர்கள் கட்டிலில் படுத்துக் குறட்டை விடுகிறார்கள்" என்றார். நான் ஞானஸ்நானத்தைச் சொன்னேன். ஜன்னல் வழியாகக் குதித்தேன் என்றதும் ஜட்ஜி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "ரெண்டு பேரும் சொல்றேள். நானே பார்த்துடறேன்" என்று எழுந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் ஸ்டேஷன் வாசலில் ஜட்காவண்டி வந்து நிற்கிறது! நீலகண்ட ஐயர் தலையணையோடும் கூஜாவில் சொந்தத் தண்ணீரோடும் இறங்குகிறார். ஒரு கட்டிலை ஒழித்துக் கொடுத்தோம். மணி அடித்தால் தானும் எழுந்து வாசல்வரை ஓடுவேன் என்றார். எங்களுக்கோ ஒரே பிரார்த்தனை: கர்த்தாவே, இன்றைக்கு மட்டும் எங்காவது ஒரு வைக்கோல் போராவது பற்றிக்கொள்ளட்டும். மணி அடிக்கவே இல்லை. எங்கும் ஒரு நெருப்புப் பொறிகூட இல்லை. ஊரே உறங்கிவிட்டது. போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்துவிட்டேன். ஒன்றுமில்லாத ராத்திரிக்கு எந்த ஜட்ஜி முழுச் சம்பளம் எழுதுவார்?

விடிந்ததும் அவர் எழுந்து உட்கார்ந்தார். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். "மணி அடிக்கலையே ஓய்! அடிச்சிருந்தாலாவது ஓடிட்டு வந்து தூங்கியிருப்பேன். இதோ அடிக்கப்போறது, இதோ அடிக்கப்போறதுன்னு கெடந்தே விடிஞ்சு போச்சு. எப்படி இருக்கேள் நீங்கள்லாம்?" என்று கேட்டார். பகவதி அண்ணாச்சி, "பழக்கந்தான் சாமி" என்றார். பழக்கம் இல்லை, வேலை என்று ஜட்ஜி அவரைத் திருத்தினார்.

தீர்ப்பை நேற்று வாசித்தார். எங்கள் காகிதம் முழுசாக. சம்பளம், காத்திருக்கும் நேரம், இனி எந்தத் தகராறுக்கும் இதே முறை. சபையும் கையெழுத்துப் போட்டது. பகவதி அண்ணாச்சி யோசுவாவைத் தோளில் தூக்கிக்கொண்டு எஞ்சினைச் சுற்றி ஓடினார். சாலைக் கடைத்தெரு வியாபாரிகள் சர்க்கரையும் பழமும் கொடுத்தனுப்பினார்கள். நானும் குதித்தேன். குதித்துக்கொண்டே இருந்தேன், பிறகு எஞ்சின் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன்.

வீடு போயிற்று, ரோஸ். நானே இடித்தேன். நல்லபடியாக இடித்தேன்.

இனி உன்னைத் தடுக்க எனக்கு வாயில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக்கொள். ஒரு யோசனை சொல்கிறேன். மூன்று வருஷம் நீ அங்கே இரு, பள்ளிக்கூட விடுமுறைக்கெல்லாம் பாறசாலைக்கு வா, நான் அங்கே வருகிறேன். ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் நான் மலைக்கு ஏறி வருகிறேன். உனக்கும் பாதி, எனக்கும் பாதி. சமாளித்துவிடலாம்.

நேசன்


போனக்காடு
ஆகஸ்டு 28

ஜெயபாயின் அப்பாவுக்கு,

லாரி டிரைவர் கீழே இருந்தே கூவிக்கொண்டு வந்தார், "டீச்சரே, உங்க ஆள் ஜெயிச்சாச்சு!" என்று. தோட்டத்து லைன் வீடுகளில் இருந்த பெண்களெல்லாம் ஓடி வந்துவிட்டார்கள். ஜட்ஜி கட்டிலில் படுத்த கதையை எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்கே தெரியாது. பொன்னம்மையைத் தூக்கி மேசைமேல் நிறுத்தி, இந்தச் சட்டம் முதலில் உன்னால்தான் வந்தது என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் எல்லோருக்கும் வணக்கம் சொன்னாள்.

அப்புறம் உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதியைப் படித்தேன். படித்ததும் எனக்கு வந்ததே ஒரு கோபம்! ஊருக்கெல்லாம் பாதி கிடையாது என்று ஜெயித்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்களே. உனக்குப் பாதி எனக்குப் பாதியாம். நீங்கள் எஞ்சின் என்றீர்கள், நான் குடும்பம் என்றேன், நடுவில் வெட்டிக்கொண்டு இத்தனை நாள் ஒருவர் மலையிலும் ஒருவர் கோட்டையிலும் கிடந்தது போதாதா? கோபம் வேறிடத்தில் இருக்கிறது என்று முன்பே எழுதினேன். அது இந்த இடம்தான்.

தோட்டத்துத் துரையிடம் ஒப்பந்தத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வேறு டீச்சர் வருகிறவரை நவம்பர் முடிய இருக்கச் சொன்னார், சரியென்றேன்.

இனி முறைப்படி நடப்போம். ஆளுக்கு ஒரு காகிதம். கொடுத்தபின் மாற்றக் கூடாது. என் காகிதம் இது:

'டிசம்பர் முதல் ஒரே கூரை. மணி காதில் விழுகிற தூரத்தில், ஒழுகினாலும் சரி, ஓர் அறை. எஞ்சினை விட வேண்டாம். வாடகைக்கு என்ன செய்வது என்று கேட்கக் கூடாது. காத்திருக்கும் நேரத்துக்கு முழுச் சம்பளம் வாங்கியிருக்கிறீர்கள், அதுதான் வாடகை. நானும் உங்களோடு கூடக் காத்திருப்பேன், எனக்குச் சம்பளம் வேண்டாம்.'

உங்கள் காகிதத்தை அனுப்புங்கள். மத்தியஸ்தர் ஜெயபாய். அவளிடம் இதை வாசித்துக் காட்டினேன். உங்களுடையது வரட்டும், பிறகு சொல் என்றேன். கேட்கவில்லை, தகரப் பெட்டியை இழுத்து வைத்துக்கொண்டு தன் பாவாடைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருக்கிறாள்.

ரோஸ்